ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன? செஸ்டர்டனை வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் வரலாற்றைத் தேடிப் படிப்பவர்கள் கண்ணில் "ரூரல் டிஸ்ட்ரிக்ட்" என்ற பெயர் எப்படியும் பட்டுவிடும். பெரும்பாலோர் அதை நாட்டுப்புறத்துக்கான பொதுப்பெயர் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பெரிய நிர்வாகப் பிரிவான கவுன்டியும் அதுவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களும் உண்டு. குடும்ப வரலாறு தேடுபவர்களோ பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றுமே சரியில்லை.

ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்பது எல்லை வகுத்து, தேர்தல் நடத்தி, வரி வசூலித்து நடந்த ஓர் உள்ளாட்சி அமைப்பு. 1894 டிசம்பரில் வந்தது, 1974 மார்ச் 31-ஆம் தேதியோடு போனது. போகும் நேரத்தில் இங்கிலாந்தில் மட்டும் இப்படி 410 இருந்தன. நம் ஊர்க் கணக்கில் கிராமப் பஞ்சாயத்துக்கு மேலே, மாவட்டப் பஞ்சாயத்துக்குக் கீழே ஊராட்சி ஒன்றியம் இருக்கும் இடத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். கலெக்டர் ஆளும் மாவட்டத்தின் அளவில் கற்பனை செய்தால் எல்லாம் பிசகிவிடும்.

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால் விஷயம் பிடிபடாது. அதனால் கேம்பிரிட்ஜ் நகரத்தைச் சுற்றியிருந்த செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டை எடுத்துக்கொள்வோம்.

நடுவில் ஓட்டை

செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டின் வரைபடம் உளுந்து வடை மாதிரி இருக்கும். நடு ஓட்டையில் கேம்பிரிட்ஜ் நகரம். சுற்றியுள்ள வளையத்தில் ஹிஸ்டன், இம்பிங்டன், கிர்ட்டன், மில்டன், வாட்டர்பீச், ஃபுல்போர்ன், கிராண்ட்செஸ்டர் என்று ஊர் ஊராகக் கிராமங்கள். இங்கிலாந்து முழுக்க இந்த வடிவம் சகஜம். பல சந்தை நகரங்களைச் சுற்றி இப்படி ஒரு வளையம் இருந்தது.

ரூரல் டிஸ்ட்ரிக்ட் எதுவும் "இது கிராமப்புறம்" என்று யாரோ ஆராய்ந்து பொறுக்கியெடுத்த நிலப்பரப்பு அல்ல. ஒரு வட்டாரத்திலிருந்து நகராட்சிகளையும் சிறு நகரங்களையும் வெட்டியெடுத்த பிறகு எது மிஞ்சியதோ அதற்கு வைத்த பெயர். கழித்தலின் விடை. கழிக்கப்பட வேண்டிய நகரம் வளர வளர இந்த மிச்சம் சுருங்கிக்கொண்டே போகும் என்பதும் இந்த விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டுக்குள் செஸ்டர்டன் கிடையாது. கேம்பிரிட்ஜை ஒட்டி, கேம் ஆற்றின் வடகரையில் இருந்த அந்த ஊர் நகரமாக வளர்ந்துவிட்டதால் தனி அர்பன் டிஸ்ட்ரிக்ட்டாக, அதாவது நகர வட்டமாக இருந்தது. 1912-ல் அதையும் கேம்பிரிட்ஜ் விழுங்கிவிட்டது. பெயரைக் கொடுத்த ஊர் வெளியே இருக்க, பெயர் மட்டும் 1974 வரை ஓடியது. ஊரில்லாத பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பதில், இந்த எல்லையை முதலில் போட்டவர்கள் யார் என்பதில் இருக்கிறது. அவர்களுக்கு உள்ளாட்சி பற்றி எந்த எண்ணமும் இருக்கவில்லை.

ஏழைகளுக்காகப் போட்ட கோடு

பழைய இங்கிலாந்தில் அடிப்படை அலகு பாரிஷ். ஒரு தேவாலயமும் அதைச் சார்ந்த ஊரும் சேர்ந்தது ஒரு பாரிஷ். 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தந்த பாரிஷுக்கே உரியது. அதற்கான பணத்தை ஊரில் வீடும் நிலமும் வைத்திருப்பவர்களிடம் வரியாக வசூலிப்பார்கள். இந்தச் சொத்து வரியின் பெயர் "ரேட்".

நூறு வீடுகூட இல்லாத பாரிஷ்கள் இதைத் தனியே சுமக்க முடியாமல் தள்ளாடின. 1834-ல் வந்த புதிய ஏழையர் சட்டம் பாரிஷ்களைக் கூட்டமாகச் சேர்த்தது. அப்படிச் சேர்ந்த கூட்டத்துக்கு யூனியன் என்று பெயர். ஒவ்வொரு யூனியனுக்கும் ஓர் ஏழையர் விடுதி. அதை நடத்த கார்டியன்கள் என்ற பிரதிநிதிகளின் வாரியம். செஸ்டர்டன் யூனியன் 1836-ல் உருவானது. அதன் விடுதி செஸ்டர்டன் ஊரில், இன்று யூனியன் லேன் என்று அழைக்கப்படும் தெருவில் கட்டப்பட்டது. ரூரல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வந்த பெயர் இந்த யூனியனின் பெயர்தான். கேம்பிரிட்ஜ் நகரத்துக்குத் தனி யூனியன், மில் ரோட்டில் தனி விடுதி.

யூனியன் எல்லையை எப்படிப் போட்டார்கள்? சந்தை நகரம் ஒன்றை நடுவில் வைத்து, சுற்று வட்டாரக் கார்டியன்கள் வாரக் கூட்டத்துக்கு வந்துபோகும் தூரத்தைப் பார்த்தார்கள். கவுன்டி எல்லை குறுக்கே போகிறதா என்று கவலைப்படவே இல்லை. ராய்ஸ்டன் யூனியன் ஹெர்ட்ஃபர்ட்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், எசெக்ஸ் என்று மூன்று கவுன்டிகளில் கால் வைத்திருந்தது. இந்த அலட்சியத்துக்கான விலையை அறுபது ஆண்டுகள் கழித்து வேறு யாரோ கொடுத்தார்கள்.

கழிவுநீர் வந்து மாற்றியது

1831-க்குப் பிறகு காலரா பலமுறை இங்கிலாந்தைத் தாக்கியது. டைஃபாய்டு ஆண்டுதோறும் இருந்தது. குடிநீரில் கழிவு கலப்பதுதான் காரணம் என்பது மெல்ல மெல்ல உறைத்தபோது, நகரங்களுக்குச் சுகாதார வாரியங்கள் வந்தன. கிராமங்களுக்கு யாரும் இல்லை.

கிராமத்தில் ஆபத்து குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கொல்லையில் கழிப்பறைக் குழி, அதிலிருந்து சில அடி தள்ளிக் கிணறு. குழி நிரம்பிக் கசிந்தால் கிணற்றுக்குள் போகும். மண் இளகிய சரளையாக இருந்தால் இன்னும் விரைவாகப் போகும். அந்தக் கிணற்று நீரில் பாத்திரம் கழுவும் பால்காரர் ஒருவர் போதும், அடுத்த ஊருக்கும் காய்ச்சல் பரவ.

1872-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாடு முழுவதையும் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் என்ற சுகாதார வட்டங்களாகப் பிரித்தது. நகரங்கள் ஒரு வகை. மற்றதெல்லாம் ரூரல் வகை. ரூரல் வட்டத்துக்குப் புதிதாக எல்லை வரைய யாருக்கும் பொறுமை இல்லை. கையில் தயாராக இருந்த ஏழையர் யூனியனை எடுத்து, அதிலிருந்து நகரப் பகுதிகளைக் கழித்து, மிச்சத்தை ரூரல் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் என்று அறிவித்தார்கள். அதிகாரிகளும் பழையவர்களே: அந்தக் கிராமங்களின் கார்டியன்கள் காலையில் ஏழையர் விடுதிக் கணக்குப் பார்ப்பார்கள், அதே அறையில் தொப்பி மாற்றிக்கொண்டு கழிவுநீர்க் கால்வாய் பற்றிப் பேசுவார்கள்.

சட்டம் இரண்டு பதவிகளைக் கட்டாயமாக்கியது. ஒன்று, மருத்துவ சுகாதார அதிகாரி. பல இடங்களில் உள்ளூர் டாக்டரே பகுதி நேரமாகப் பார்த்தார். இன்னொன்று, தொல்லை ஆய்வாளர். நாறும் பன்றித் தொழுவம், நிரம்பிய குழி, கெட்டுப்போன கிணறு ஆகியவற்றைத் தேடிப்பிடித்து நோட்டீஸ் கொடுப்பது இவர் வேலை. பிற்காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று கௌரவமான பெயர் கிடைத்தது.

ஆக, ரூரல் டிஸ்ட்ரிக்ட்டின் எல்லை ஏழையர் நிவாரணத்திலிருந்தும் அதன் வேலை சுகாதாரத்திலிருந்தும் வந்தன. இன்னும் வராதது தேர்தல்.

1894: ஓட்டு வந்தது

1888-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களைக் கொடுத்தது. அதன் கீழ்த்தட்டை 1894-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கட்டியது. லிபரல் அரசில் ஹென்றி ஃபவுலர் கொண்டுவந்த மசோதா அது. சானிட்டரி வட்டங்கள் அர்பன் டிஸ்ட்ரிக்ட், ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் மாறின. 300 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு கிராமப்புற பாரிஷுக்கும் பாரிஷ் கவுன்சில் கட்டாயம்.

பெயர் மாற்றத்தைவிட ஓட்டு மாற்றம்தான் பெரியது. அதுவரை கார்டியன் தேர்தலில் சொத்து பெருகப் பெருக ஒருவருக்கே பல ஓட்டு. மாஜிஸ்திரேட்டுகளான நிலப்பிரபுக்கள் தேர்தலில் நிற்காமலே வாரியத்தில் உட்காரலாம். 1894 இரண்டையும் ஒழித்தது. போட்டியிடச் சொத்துத் தகுதியும் போனது. பெண்கள், திருமணமானவர்கள் உட்பட, ஓட்டுப் போடவும் கவுன்சிலராகவும் வழி பிறந்தது. நாடாளுமன்ற ஓட்டு அவர்களுக்குக் கிடைக்க இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. அதிலும் ஒரு கஞ்சத்தனம்: டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் தலைவர் பதவியின் வழியே தானாகவே மாஜிஸ்திரேட் ஆவார், பெண்ணாக இல்லாத பட்சத்தில்.

ரூரல் டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு பாரிஷுக்குக் கவுன்சிலராகத் தேர்ந்தவரே அந்த பாரிஷின் கார்டியனும் ஆவார். அதனால் இரண்டு வாரியத்திலும் அதே முகங்கள்தான். எழுத்தராக வேலை பார்த்த உள்ளூர் வக்கீலும் பெரும்பாலும் ஒருவரே. அலுவலகமும் பல இடங்களில் நடு நகரத்திலேயே, அதாவது டிஸ்ட்ரிக்ட்டின் எல்லைக்கு வெளியே இருந்தது. பேருந்தும் ரயிலும் அங்கேதான் வந்து சேர்ந்தன என்பதால் அதில் நியாயமும் இருந்தது.

கவுன்டி எல்லையில் வெட்டியபோது

ஒரு ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஒரே கவுன்டிக்குள் அடங்க வேண்டும் என்பது 1894-இன் விதி. யூனியன்களோ எல்லை பார்க்காமல் வரையப்பட்டவை. விளைவு, வெட்டு.

மூன்று கவுன்டியில் கிடந்த ராய்ஸ்டன் வட்டம் உடைந்தது. ஹெர்ட்ஃபர்ட்ஷயர்ப் பக்கத் துண்டு ஆஷ்வெல் ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஆனது. கேம்பிரிட்ஜ்ஷயர்த் துண்டு மெல்போர்ன் ரூரல் டிஸ்ட்ரிக்ட் (ஆஸ்திரேலிய நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ஒரு கிராமம்). எசெக்ஸில் மாட்டிய சில ஊர்களை அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ்ஷயருக்கு மாற்றிவிட்டார்கள். வடமேற்கே ஹண்டிங்டன்ஷயரின் செயிண்ட் ஐவ்ஸ் வட்டத்திலிருந்து ஸ்வேவ்சி, ஓவர், ஃபென் டிரேட்டன் முதலிய கேம்பிரிட்ஜ்ஷயர் ஊர்கள் பிரிந்து ஸ்வேவ்சி ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஆயின. இப்படிப் பிறந்தவை பல இடங்களில் நோஞ்சானாகவே இருந்தன. சிறிய எல்லை, குறைந்த வரி, ஆனால் பெரிய டிஸ்ட்ரிக்ட்டுக்கு உள்ள அதே கடமைகள்.

இதில் தேடுபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ரூரல் டிஸ்ட்ரிக்ட்டைத்தான் வெட்டினார்கள். ஏழையர் யூனியனை வெட்டவில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு யூனியன் எல்லையைப் பின்பற்றியே நடந்தது. எனவே 1900-ல் மெல்போர்னில் பிறந்த குழந்தை மெல்போர்ன் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டில், கேம்பிரிட்ஜ்ஷயரில் பிறந்தது; அதன் பதிவோ ராய்ஸ்டன் பதிவு மாவட்டத்தில் இருக்கும். இரண்டும் சரி.

ஒரே தெரு, பல எசமானர்கள்

அதிகாரம் எப்படிப் பிரிந்திருந்தது என்று பார்க்க 1905 வாக்கில் ஹிஸ்டன் போன்ற ஒரு கிராமத்துத் தெருவில் நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு இருந்தால் அது பாரிஷ் பொறுப்பு. விளக்குச் சட்டத்தை ஏற்பதாக ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இருட்டுதான். காலடியில் உள்ள சாதாரணச் சாலை ரூரல் டிஸ்ட்ரிக்ட்டுடையது. அதே சாலை நகரங்களை இணைக்கும் முக்கியச் சாலையாக இருந்தால் கவுன்டியுடையது. கீழே ஓடும் கழிவுநீர்க் குழாய், பக்கத்துக் கிணற்றின் சோதனை: இரண்டும் ரூரல் டிஸ்ட்ரிக்ட். பள்ளிக்கூடமும் காவலரும் கவுன்டியின் கீழ். ஊருக்கு வெளியே ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்த காய்கறித் தோட்டம் மறுபடியும் பாரிஷ்.

கல்வி டிஸ்ட்ரிக்ட்டிடம் இல்லவே இல்லை என்பதற்கு நல்ல சாட்சி இம்பிங்டனில் நிற்கிறது. 1939-ல் திறந்த இம்பிங்டன் வில்லேஜ் காலேஜ், வால்டர் குரோப்பியஸும், பிற்காலத்தில் சண்டிகரில் பணியாற்றிய மேக்ஸ்வெல் ஃப்ரையும் வடிவமைத்த பள்ளி. நின்றது செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட் மண்ணில். கட்டியது கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்டி கவுன்சில், அதன் கல்விச் செயலாளர் ஹென்றி மோரிஸின் திட்டப்படி. டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு அதில் புகழ் சேராது.

அர்பன் டிஸ்ட்ரிக்ட்டுக்குத் தானாகக் கிடைத்த பல அதிகாரங்கள் ரூரல் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் லண்டனில் இருந்த உள்ளாட்சி வாரியத்துக்கு எழுதி, இன்ன பாரிஷுக்கு இன்ன நகர அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சமமாகத் தெரியும், நடைமுறையில் சமமில்லை.

பென்னி கணக்கு: ஏன் கால்வாய் வரவில்லை

ரூரல் டிஸ்ட்ரிக்ட்களைப் பற்றி எழுதுபவர்கள் சாதாரணமாகச் சொல்லும் புகார், "விவசாயிகளின் சோம்பேறிக் கவுன்சில்கள், ஒன்றும் செய்யவில்லை" என்பது. பாதி உண்மைதான். மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது, அது சட்டத்தால் வந்த கணக்கு.

ஒவ்வொரு சொத்துக்கும் ஓர் ஆண்டு வாடகை மதிப்பு குறிப்பார்கள். ஒரு பவுண்டு மதிப்புக்கு இத்தனை பென்னி என்று வரி விகிதம் வைப்பார்கள். அன்று ஒரு பவுண்டு 20 ஷில்லிங்; ஒரு ஷில்லிங் 12 பென்னி; ஆகப் பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு கிராமத்தின் மொத்த மதிப்பு 2,400 பவுண்டு என்றால், பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் 2,400 பென்னி, அதாவது 10 பவுண்டு வரும். இதைத்தான் "ஒரு பென்னி வரியின் விளைச்சல்" என்பார்கள். கவுன்சில்கள் எதையும் யோசித்தது இந்த அளவுகோலில்தான்.

1875-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் ரூரல் செலவை இரண்டாகப் பிரித்தது. அதிகாரிகள் சம்பளம் போன்றவை பொதுச் செலவு. டிஸ்ட்ரிக்ட் முழுக்கப் பங்கிடலாம். ஒரு கிராமத்தின் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய் தனிச் செலவு. அந்தக் கிராமம் மட்டும் கட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். குழாய் பதிக்க 1,500 பவுண்டு கடன், 30 ஆண்டு, 4 சதவீத வட்டி. ஆண்டுத் தவணை ஏறக்குறைய 87 பவுண்டு. டிஸ்ட்ரிக்ட்டின் மொத்த மதிப்பு 1,20,000 பவுண்டு என்றால் ஒரு பென்னிக்கு 500 பவுண்டு வரும்; எல்லோரும் பகிர்ந்தால் பவுண்டுக்குக் கால் பென்னிகூட ஏறாது. ஆனால் தனிச் செலவு என்பதால் 10 பவுண்டு பென்னி விளைச்சல் உள்ள நம் கிராமம் பவுண்டுக்கு 9 பென்னி போட வேண்டும்.

இதோடு நிற்கவில்லை. தனிச் செலவுக்கு விவசாய நிலத்தைக் கால் மதிப்பில்தான் கணக்கிட வேண்டும் என்றது அதே சட்டம். வயலுக்குக் கால்வாய் எதற்கு என்ற நியாயம். கிராமத்தின் 2,400-ல் 1,800 நிலம், 600 வீடு என்று வையுங்கள். நிலம் கால்வாசியாகி 450. வீட்டோடு சேர்த்து 1,050. இப்போது ஒரு பென்னிக்கு வருவது 4 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்னிதான். 87 பவுண்டு திரட்ட வரி 20 பென்னியாக ஏறுகிறது. 6 பவுண்டு மதிப்புள்ள குடிசை வீட்டுக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங். கிழக்கு இங்கிலாந்தின் விவசாயக் கூலிக்கு 1890களில் வாரத்துக்குக் கிடைத்த ரொக்கம் 15 ஷில்லிங்குக்கும் கீழே. வரியை வீட்டுக்காரர் கட்டினாலும் அது வாடகையில் ஏறும்.

கால்வாய் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் தலையில்தான் சுமையும் அதிகம் விழுந்தது. கவுன்சிலில் இருந்த விவசாயி நல்லவராகவே இருந்தாலும், தன் ஊரில் 20 பென்னி வரிக்குக் கை தூக்கிவிட்டு அடுத்த தேர்தலுக்கு வர முடியாது.

நடைமுறையும் நீளம். சுகாதார அதிகாரி அறிக்கை எழுதுவார். பொறியாளர் திட்டம் போடுவார். கவுன்சில் தீர்மானம் நிறைவேற்றும். கடனுக்கு லண்டன் அனுமதி வேண்டும். அங்கிருந்து ஓர் ஆய்வாளர் ஊருக்கு வந்து பொது விசாரணை நடத்துவார். வரி கட்டுபவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள். திட்டம் சிறிதாக்கப்பட்டு மறுபடியும் முதலிலிருந்து. கவுன்சில் அசையவே இல்லை என்றால் பாரிஷ் கவுன்சில் கவுன்டியிடம் முறையிடலாம், கவுன்டி அந்த அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தில் இருந்த வழி அது. ஆனால் எடுத்துக்கொண்டாலும் செலவு அதே கிராமத்தின் மேல்தான் வந்து விழும்.

பக்கத்து நகரத்தின் நிலைமையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் நகரம் தன் கழிவை ஆற்றில் விடுவதை நிறுத்த 1894-ல் செடர்ஸ் லேனில் ஒரு நீரேற்று நிலையம் கட்டியது. ஊர்க் குப்பையை எரித்து நீராவி எடுத்து, கழிவுநீரை ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளி மில்டனில் இருந்த கழிவுநீர்ப் பண்ணைக்குத் தள்ளியது. மில்டன் செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஊர். பணமும் மக்களும் அடர்ந்த நகரத்துக்கு இது சாத்தியமானது. அதன் கழிவு வந்து சேர்ந்த வளையத்துக்கு, ஒவ்வொரு கிராமமாகத் தனித்தனியே கணக்குப் போட வேண்டியிருந்தது.

இந்தக் கட்டு அவிழ நாளானது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் டிஸ்ட்ரிக்ட்டும் கவுன்டியும் இத்தகைய செலவில் பங்கேற்க வழி திறந்தது. ஆனால் அதே சட்டம் விவசாய நிலத்துக்கு வரியையே முழுக்க ரத்து செய்தது. ஈடுகட்ட மத்திய மானியம் வந்தது. 1944-ல் கிராமப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கென்று 1.5 கோடி பவுண்டு மானியச் சட்டம் நிறைவேறியது. பல கிராமங்கள் குழாயைக் கண்டது அதற்குப் பிறகுதான், 1950களிலும் 60களிலும்.

கவுன்சில் வீடுகள்

கால்வாயில் தவறவிட்ட பெயரை வீட்டில் ஓரளவு எடுத்தார்கள். 1890-ஆம் ஆண்டுச் சட்டம் வீடு கட்ட அனுமதித்தாலும் கிராமங்களில் கட்டியவர்கள் அபூர்வம். 1919-ஆம் ஆண்டு அடிசன் சட்டம்தான் திருப்பம்: வீட்டுத் திட்டத்தில் வரும் நட்டத்தில் ஒரு பென்னி வரி அளவுக்கு மட்டும் கவுன்சில் தாங்கினால் போதும், மீதியை அரசு ஏற்கும். அரசு செலவைக் கண்டு பயந்து சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. 1924-ல் வீட்லி சட்டம் வீட்டுக்கு ஆண்டுக்கு 9 பவுண்டு, விவசாய பாரிஷ்களில் 12 பவுண்டு 10 ஷில்லிங் என்று 40 ஆண்டுகளுக்கு மானியம் வைத்தது. கிராமத்தில் வாடகை குறைவாகத்தான் வாங்க முடியும் என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டு எண்ணாகவே எழுதியது அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கலும் கொத்தனாரும் கிடைக்காத காலத்தில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் தூண்களும் பலகைகளும் கொண்ட "ஏரி" (Airey என்ற பெயர், நீர்நிலை அல்ல) வகை வீடுகளை நாடெங்கும் ரூரல் கவுன்சில்கள் கட்டின. தூணுக்குள் இரும்புக் குழாய். மேலே மூடியிருந்த கான்கிரீட் மெல்லியது. காற்றும் ஈரமும் உள்ளே இறங்கியதும் இரும்பு துருப்பிடித்து உப்பும், தூண் நெடுக்கில் வெடிக்கும். 1984-ல் இவற்றைக் குறைபாடுள்ள வகை என்று சட்டமே அறிவித்தது. அதற்குள் கட்டிய கவுன்சில்கள் இல்லாமல் போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது. தலைவலி வாரிசுகளுக்கும், வாடகைக்கு இருந்த வீட்டையே விலைக்கு வாங்கியவர்களுக்கும் வந்தது.

சுருங்கியது எப்படி

1930 ஏப்ரலில் கார்டியன் வாரியங்கள் ஒழிந்தன. ஏழையர் நிவாரணம் கவுன்டிக்குப் போனது. அதே நாளில் ரூரல் டிஸ்ட்ரிக்ட் தன் சாலைகளையும் கவுன்டியிடம் இழந்தது. சாலைதான் அவர்களுடைய பெரிய வேலையும் பெரிய செலவும். கல் உடைத்துப் போடும் ஆட்கள், வண்டிகள், சர்வேயர் எல்லோரும் கைமாறினார்கள்.

அடுத்து எல்லைச் சீரமைப்பு. கேம்பிரிட்ஜ்ஷயரில் 1934-ல் நோஞ்சான் டிஸ்ட்ரிக்ட்களைக் கலைத்தார்கள். ஸ்வேவ்சி, செஸ்டர்டனோடு சேர்ந்தது. மெல்போர்ன், லிண்டன், காக்ஸ்டன் அண்ட் ஆரிங்டன் மூன்றும் சேர்ந்து சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் ரூரல் டிஸ்ட்ரிக்ட் ஆயின. அதே ஆண்டு நகரம் தன் ஓட்டையை அகலப்படுத்தியது: டிரம்பிங்டனும் செர்ரி ஹிண்டனும் கேம்பிரிட்ஜுக்குள் போயின. நகரத்தை ஒட்டிய கிராமத்தில் புது வீடுகள் பெருகும், வரி மதிப்பு ஏறும். கொஞ்சம் தேறியதும் நகரம் எடுத்துக்கொள்ளும். நகரத்தைச் சுற்றியிருந்த ரூரல் டிஸ்ட்ரிக்ட்கள் பலவற்றுக்கும் இதே மனக்குறைதான்.

1974

1969-ல் ரெட்கிளிஃப் மாட் ஆணையம் நகரம், நாட்டுப்புறம் என்று பிரித்து ஆள்வதே தவறு, பெரும்பகுதி நாட்டுக்கு ஒரே அடுக்கு போதும் என்றது. ஆட்சி மாறியது, கன்சர்வேட்டிவ் அரசு இரண்டு அடுக்கை வைத்துக்கொண்டு கீழடுக்கை மட்டும் கலைத்து அடுக்கியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோது கவுன்டிகளின் கீழ் நகராட்சி, அர்பன், ரூரல் என்று இருந்த 1,086 அமைப்புகள் போய், பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே 296 டிஸ்ட்ரிக்ட்கள் வந்தன. பாரிஷ் கவுன்சில்கள் தப்பித்தன.

செஸ்டர்டனும் பழைய சவுத் கேம்பிரிட்ஜ்ஷயரும் சேர்ந்து புதிய சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் டிஸ்ட்ரிக்ட் ஆயின. பெயர் பழையதைப் போலவே இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எழுதுபவர்கள் நிறைய. 1934-74 காலத்துச் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹிஸ்டனோ மில்டனோ கிடையாது. வளைய வடிவம் மட்டும் மாறவில்லை. புதிய கவுன்சிலின் தலைமையகம்கூடப் பல ஆண்டுகள் கேம்பிரிட்ஜ் நகருக்குள்ளேயே இருந்து, 2004-ல்தான் தன் எல்லைக்குள் கேம்போர்னுக்குப் போனது.

பழைய காகிதத்தில் இந்தப் பெயர் வந்தால்

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1872-க்கு முன் என்றால் ரூரல் டிஸ்ட்ரிக்ட் என்று எதுவும் இல்லை. 1872 முதல் 1894 வரை சானிட்டரி டிஸ்ட்ரிக்ட். 1934-க்கு முன்னும் பின்னும் எல்லை வேறு. பிறகு பாரிஷைக் கண்டுபிடியுங்கள், ஊர்ப் பெயரை அல்ல. ஒரே ஊர் இரண்டு பாரிஷில் பரவியிருக்கலாம். 1901 மக்கள்தொகைக் கணக்குத் தாள்களின் தலைப்பிலேயே சிவில் பாரிஷ், ரூரல் டிஸ்ட்ரிக்ட் இரண்டுக்கும் தனிக் கட்டங்கள் உண்டு. பதிவு மாவட்டத்தை இவற்றோடு ஒப்பிடாமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

செஸ்டர்டன் பகுதியின் பழைய ஆவணங்களுக்கு ஈலி நகரில் உள்ள கேம்பிரிட்ஜ்ஷயர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். கவுன்சில் கூட்டக் குறிப்பைவிடச் சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கையை முதலில் கேட்பது நல்லது. எந்தத் தெருக் கிணறு கெட்டது, எந்த ஊரில் டிஃப்தீரியா என்று ஊர் ஊராக எழுதியிருப்பார்கள்.

வீட்டுப் பத்திரத்தில் "செஸ்டர்டன் ரூரல் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்" ஒரு தரப்பாக வந்து, அதன் நிபந்தனை இன்னும் செல்லுமா என்று சந்தேகம் வந்தால், கவுன்சில் கலைந்ததால் நிபந்தனையும் கலைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். வீடு, நிலம் சம்பந்தப்பட்ட உரிமைகள் பொதுவாகச் சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சிலுக்குப் போயின. 1912-லோ 1934-லோ நகரம் எடுத்த பகுதி என்றால் கேம்பிரிட்ஜ் நகரக் கவுன்சிலைக் கேட்க வேண்டும். தோட்டத்தின் குறுக்கே போகும் பொதுக் கழிவுநீர்க் குழாய் பற்றிய ஒப்பந்தம் என்றால் இரண்டு கவுன்சிலும் அல்ல: 1974 ஏப்ரல் 1 அன்றே குழாய்கள் ஆங்கிலியன் தண்ணீர் வாரியத்துக்கு மாறின, 1989-ல் அது தனியார்மயமானது, அதனால் அந்தக் கடிதம் ஆங்கிலியன் வாட்டர் நிறுவனத்துக்குப் போக வேண்டும்.